வளைகாப்புக்கு தேதி குறிச்சாச்சு, எனக்கு குழந்தை மேல எதுவுமே தோணல - வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?

சித்திரைவெயில்:
எல்லாருக்கும் வணக்கம். யார்கிட்டயும் நேர்ல சொல்ல முடியாம இங்க எழுதுறேன். எனக்கு இப்ப ஏழாம் மாசம். போன வருஷம் ஒண்ணு மூணாம் மாசத்துல கலைஞ்சிடுச்சு, அதுக்கப்புறம் நின்னது இது. ஸ்கேன் எல்லாம் நார்மல், அசைவும் நல்லா தெரியுது. ஆனா அசையுறப்ப எனக்கு சந்தோஷம் வரமாட்டேங்குது, பயம்தான் வருது, இல்லன்னா ஒண்ணுமே வராது. ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்தா அதோட தூக்கம் போச்சு. பாத்ரூம்ல தண்ணிய தொறந்து விட்டுட்டு அழுறேன், வெளிய மாமியார் இருப்பாங்க. வளைகாப்புக்கு பட்டு எடுக்க தி.நகர் கூட்டிட்டு போனாங்க, கடைல எல்லாரும் சிரிச்சுட்டு இருந்தாங்க நானும் சிரிச்சேன், வீட்டுக்கு வந்து அந்த பையை இன்னும் பிரிக்கல. எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், சந்தோஷமா இரு, நீ அழுதா பிள்ளைக்கு ஆகாதுன்னு. அத கேக்குறப்ப இன்னும் பயமா இருக்கு, ஏற்கனவே நான் குழந்தைக்கு கெடுதல் பண்ணிட்டேனோன்னு. செக்கப்ல தூக்கம் வரலன்னு டாக்டர்ட்ட சொன்னேன், இந்த மாசத்துல எல்லாருக்கும் அப்படித்தான்மான்னு சொல்லிட்டு அடுத்த ஆளை கூப்பிட்டுட்டாங்க. பிறந்தப்புறமும் பாசம் வரலன்னா என்ன பண்றது?

தூளி:
மா, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நீங்க மட்டும் இல்ல. என் பொண்ணு இப்ப ஒண்ணாங்கிளாஸ். அவ பிறந்தது சிசேரியன், குறைமாசம், உடனே இன்குபேட்டர்ல வச்சுட்டாங்க. நான் தையல் வலியோட சுவத்த பிடிச்சு பிடிச்சு நடந்து போய் கண்ணாடி வழியா பாத்தேன், சுத்தி இருந்த எல்லாரும் அழுதாங்க, எனக்கு கண்ணீரே வரல, இது யார் பிள்ளைன்னுதான் தோணுச்சு. அத வெளிய சொல்லவே இல்ல. வீட்டுக்கு வந்தும் பால் குடுத்தேன் துணி மாத்தினேன் குளிப்பாட்டினேன், எல்லாம் ஒரு டியூட்டி மாதிரி. பாசம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணு வந்தது எப்பன்னு யோசிச்சா அவ முகத்த பாத்து சிரிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான், அதுவும் ஒரே நாள்ல வரல, கொஞ்சம் கொஞ்சமா. இன்னிக்கு அவளுக்கு காய்ச்சல்னா எனக்கு கை கால் ஓடாது. பிறந்த நிமிஷமே பொங்கி வரணும்னு சினிமாவும் சொந்தக்காரங்களும் சொல்லி வச்சிருக்காங்க, அப்படி வர்றவங்களும் இருக்காங்க, லேட்டா வர்றவங்களும் நிறைய.

ஆனா உங்களுக்கு தூக்கம் இல்லாம இருக்குறதும் தினம் அழுறதும் வேற விஷயம், அத அப்படியே விடாதீங்க. பாசம் வருமா வராதான்னு யோசிக்கிறத விட இத முதல்ல யார்கிட்டயாவது காட்டணும்.

தேனி_பெரியம்மா:
கண்ணு, நான் 3 பெத்தவ. மசக்கைலயும் மாசம் ஏறினப்பயும் அழுக வரும், வராம இருக்காது. இப்ப உள்ள பிள்ளைங்க ஒத்தையில ஃபிளாட்டுக்குள்ள கெடந்து போன பாத்து பாத்து மனச கெடுத்துக்கிறீங்க. வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு போயிரு. அங்க நாலு பேர் கூட இருந்தா, தலைக்கு எண்ணெய் வச்சு விட ஆள் இருந்தா எல்லாம் சரியா போயிரும். குலதெய்வத்துக்கு ஒரு ரூபா முடிஞ்சு வை. அந்த காலத்துல நாங்க இதுக்கெல்லாம் டாக்டர்ட்ட போனதில்ல.

மல்லிப்பந்தல்:
பெரியம்மா, நீங்க அக்கறையாதான் சொல்றீங்க, அம்மா வீட்டுக்கு போறது நல்லதுதான். ஆனா அந்த காலத்துல இது இல்லன்னு மட்டும் ஒத்துக்க முடியல. எங்க ஊர்ல பிள்ளை பெத்தவளுக்கு சன்னி கண்டுருச்சுன்னு சொல்லுவாங்க, காத்து கருப்பு பட்டுருச்சுன்னு வேப்பிலை அடிப்பாங்க. எங்க ஆத்தா சொன்ன கதைகள்லயே பச்ச உடம்போட கிணத்துல விழுந்தவங்க இருக்காங்க, எதுக்கு விழுந்தான்னு யாரும் கேக்கல, தண்ணி எடுக்க போனா கால் வழுக்கிருச்சுன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. நம்மாளுங்க டாக்டர்ட்ட போகாததுனால நோய் இல்லாம போயிடல.

வார்டு_விளக்கு:
நான் அரசு மருத்துவமனைல நர்ஸ், பிரசவ வார்டுலயும் இருந்திருக்கேன் மனநல ஓபிலயும் இருந்திருக்கேன். சித்திரைவெயில், உங்களுக்காக கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

குழந்தை பிறந்தப்புறம்தான் டிப்ரஷன் வரும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பாதி கேஸ்ல அது கர்ப்பத்துலயே ஆரம்பிச்சிருக்கும், யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. கர்ப்பிணிகள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கும் பிரசவமானவங்கள்ல 13 சதவீதம் பேருக்கும் ஏதாவது மனநல பிரச்சனை, முக்கியமா டிப்ரஷன், இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நம்மள மாதிரி வளர்ற நாடுகள்ல அது 15.6, 19.8ன்னு இன்னும் கூட. சுகர் பிரஷர்க்கு எவ்வளவு டெஸ்ட் எடுக்குறோம், இதுக்கு ஒரு கேள்வி கூட கேக்குறதில்ல.

இதுக்குன்னு எடின்பரோ ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, 1987ல வந்தது, 10 கேள்விதான், கடைசி 7 நாள் எப்படி இருந்தீங்கன்னு கேக்கும், மொத்தம் 30 மார்க். தமிழ்லயே இருக்கு, வேலூர் பக்கம் நம்ம ஜனங்ககிட்ட கேட்டு சரிபாத்தும் இருக்காங்க. பொதுவா 13ஐ தொட்டா கண்டிப்பா டாக்டர பாக்கணும், அதுக்கு கீழ இருந்தாலும் கஷ்டமா இருந்தா பாக்கலாம். 10வது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கணும்னு தோணுச்சான்னு இருக்கும், அதுக்கு ஒருபோதும் இல்லங்கிறத தவிர வேற எந்த பதில் வந்தாலும் மொத்த மார்க்க பாக்காதீங்க, அன்னிக்கே யார்கிட்டயாவது சொல்லணும். நீங்க இருக்குற ஊர் ஜிஎச்ல மனநல பிரிவு இருக்கும், எல்லா மாவட்டத்துலயும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கு. போக கூச்சமா இருந்தா முதல்ல 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மனாஸ்னு அரசோட மனநல உதவி லைன், 2022ல ஆரம்பிச்சது, எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருதடவை பாத்துக்கோங்க. ரத்தம் கம்மியா இருந்தாலும் தைராய்டு குறைஞ்சிருந்தாலும் இதே சோர்வு இதே அழுகை வரும்.

அப்புறம் போன வருஷம் கலைஞ்சதுன்னு சொன்னீங்க. அதுக்கு யாராவது உங்கள அழ விட்டாங்களா? ஒரு தடவை கை நழுவி போனவங்க அடுத்த தடவை ஒட்டாம நிப்பாங்க, ஆசை வச்சா திரும்ப போயிடுமோன்னு மனசு தன்னைத்தானே காப்பாத்திக்குது. வார்டுல இத அடிக்கடி பாக்குறேன். பாசம் இல்லாததுனால இல்ல, பயத்துனால.

பனங்காடு:
நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன்ல இருக்கிறன். இஞ்ச முதல் தரம் மிட்வைஃபிட்ட போனோன்னயே ரெண்டு கேள்வி கேக்கிறவை: போன ஒரு மாசமா மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாம இருந்ததோ, எதிலயும் நாட்டம் இல்லாம இருந்ததோ எண்டு. நான் முதல் பிள்ளைக்கு ரெண்டுக்கும் இல்லையெண்டு தான் சொன்னனான். சொன்னா பிள்ளையை சோஷல் சர்வீஸ் காரர் கொண்டு போயிருவினம் எண்டு இஞ்ச இருக்கிற எங்கட ஆக்களுக்கு ஒரு பயம். ரெண்டாவதுக்கு ஓமெண்டு சொன்னன், ஒருத்தரும் பிள்ளையை கொண்டு போகேல்ல, கிழமைக்கு (வாரத்துக்கு) ஒருக்கா ஒரு ஆள் வந்து கதைச்சவ, அவ்வளவுதான். இந்த நாட்டில பிள்ளை பிறந்து 6 கிழமையில இருந்து ஒரு வருசத்துக்குள்ள சாகிற தாய்மாருக்கு தற்கொலைதான் முன்னுக்கு நிக்கிற காரணங்களில ஒண்டு, அதாலதான் இவ்வளவு கேக்கினம். தங்கச்சி, கேட்டா மறைக்காதேங்கோ. கேக்காட்டியும் நீங்களே சொல்லுங்கோ.

ரெண்டு_ரோஜா:
இத படிச்சதும் நானும் எழுதணும்னு தோணுச்சு. எனக்கு ரெண்டு பொண்ணு. ரெண்டாவது பொண்ணு பிறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு மாமியார் வீட்டுல இருந்து யாரும் வரல, மூணாம் நாள் வந்தவங்க குழந்தைய தூக்கல, ஃபிளாஸ்க்க வச்சுட்டு பரவால்ல அடுத்தது பாத்துக்கலாம்னு சொன்னாங்க. நான் அந்த குழந்தைய பாக்குறப்பல்லாம் அந்த பேச்சு காதுல கேக்கும். அவ மேல கோவமா, அவங்க மேல கோவமான்னு எனக்கே பிரிச்சு பாக்க தெரியல. பால் குடுக்குறப்ப சுவத்த பாத்துட்டு உக்காந்திருப்பேன். எங்க அப்பா மட்டும்தான் தினம் காலைல வந்து குழந்தைய தூக்கிட்டு போய் வெயில் காட்டுவாரு, என் தங்கமே என் தங்கமேன்னு கொஞ்சுவாரு, அத பாத்து பாத்துதான் எனக்கும் அவள தங்கமா பாக்க வந்துச்சு.

ஆய்வேடு:
ரெண்டு_ரோஜா, நீங்க சொன்னது ஆய்வுலயே இருக்கு. சமூகப்பணி படிச்சப்ப இத பத்திதான் எழுதினேன். வேலூர் பக்கத்துல கணியம்பாடி வட்டாரத்துல கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துல இருந்த பெண்கள பிரசவத்துக்கு அப்புறம் வரைக்கும் தொடர்ந்து பாத்தாங்க, 2002ல வெளியாச்சு. 11 சதவீதம் பேருக்கு பிரசவத்துக்கு அப்புறம் புதுசா டிப்ரஷன். எதெல்லாம் கூட சேர்ந்து வந்துச்சுன்னா, குறைஞ்ச வருமானம், ஆண் குழந்தை எதிர்பாத்து பொண்ணு பிறந்தது, மாமியாரோடயும் பெத்தவங்களோடயும் சரியில்லாத உறவு, கர்ப்ப காலத்துல நடந்த கெட்ட சம்பவங்கள், அப்புறம் வீட்டு வேலைக்கு ஒத்தாசை இல்லாதது. இதுல பாதிக்கு மேல அந்த பொண்ணு கைல இல்லவே இல்ல, வீட்டுக்காரங்க கைல இருக்கு. மனச திடமா வச்சுக்கோன்னு அவகிட்ட மட்டும் சொல்றது எனக்கு சுத்தமா பிடிக்கல, நியாயமும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கத்து கிராமங்கள்ல, நம்ம ஊர் கிராம சுகாதார நர்ஸ் மாதிரி வீடு வீடா போற பெண் பணியாளர்களுக்கு கொஞ்ச நாள் பயிற்சி குடுத்து, டிப்ரஷன்ல இருந்த கர்ப்பிணிகள்ட்ட கடைசி மாசத்துல இருந்து பேச வச்சாங்க. சைக்கியாட்ரிஸ்ட் யாரும் இல்ல. குழந்தைக்கு 6 மாசம் ஆனப்ப பாத்தா, பயிற்சி எடுத்தவங்க போய் பேசின தாய்கள்ல 23 சதவீதம் பேருக்குதான் டிப்ரஷன் இருந்துச்சு, சாதாரணமா வீட்டுக்கு போய்ட்டு வந்த இடத்துல 53 சதவீதம். 2008ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்தது. இத நம்ம கிராமங்கள்ல பண்ண முடியாதா என்ன? ஊருக்கு ஊர் நர்ஸ் இருக்காங்க, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அரசு பதிவுக்கான பிக்மி நம்பர் இருக்கு.

கரிசக்காடு:
மன்னிக்கணும், நடுவுல வர்றேன். நான் ஆம்பள, என் மனைவிக்கு குழந்தை பிறந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. முந்தாநாள்ல இருந்து அவ கண்ண மூடவே இல்ல, தூங்கலயேங்கிற களைப்பும் இல்ல, வேகவேகமா பேசுறா. இது என் குழந்தை இல்ல, ஆஸ்பத்திரில மாத்திட்டாங்க, வெளிய நின்னு யாரோ பேசுறாங்கன்னு சொல்றா. நேத்து ராத்திரி குழந்தைய தூக்கிட்டு வாசல் கதவ தொறந்துட்டு நின்னா. எங்க அம்மா ஒரு பூசாரிய கூப்பிடலாம்ங்கிறாங்க. இதுவும் நீங்க சொல்ற டிப்ரஷனா?

வார்டு_விளக்கு:
தம்பி, இது அது இல்ல. இது எமர்ஜென்சி. இப்பவே கிளம்புங்க, காலைல பாத்துக்கலாம்னு வச்சுடாதீங்க. 108 கூப்பிடுங்க இல்லன்னா வண்டி எடுத்துட்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு போங்க, குழந்தை பிறந்து ரெண்டு வாரம், தூங்கல, இல்லாததெல்லாம் சொல்றான்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. இத போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ்னு சொல்லுவாங்க, 1000 பிரசவத்துல 1 அல்லது 2 பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துலயே. அவள திட்டாதீங்க, குழந்தை உன்னுதுதான்னு வாதாடாதீங்க, குழந்தையோட தனியா மட்டும் விடாதீங்க. அவளா வேணும்னு பண்றதில்ல. வைத்தியம் பண்ணா நல்லா குணமாகுற நோய் இது. பூசாரி அப்புறம் வரட்டும்.

மல்லிப்பந்தல்:
கிளம்பிட்டீங்களா தம்பி? கிளம்பினா ஒரு வார்த்தை போடுங்க.

கரிசக்காடு:
இப்பதான் எழுத முடியுது, ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. அன்னிக்கு ராத்திரியே கூட்டிட்டு போய்ட்டோம். அட்மிட் பண்ணாங்க, மாத்திரை ஆரம்பிச்சு நாலு நாள்ல தூங்க ஆரம்பிச்சுட்டா. குழந்தைய வீட்டுக்கு கொண்டு போயிருங்கன்னு முதல்ல ஒருத்தர் சொன்னாரு, பெரிய டாக்டர் வந்து வேண்டாம், பக்கத்துலயே இருக்கட்டும், எங்க அம்மாவும் கூட இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. நேத்து அவளா குழந்தைய கேட்டு வாங்கி மடில வச்சிருந்தா. இன்னும் நிறைய போகணும், ஆனா பேசுறது அவ பேச்சா இருக்கு.

வார்டு_விளக்கு:
ரொம்ப ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த பெரிய டாக்டர் சொன்னதுக்கு சட்டமே இருக்கு, எல்லாருக்கும் தெரியணும். 2017 மனநல பராமரிப்பு சட்டத்துல 21வது பிரிவு, அம்மா மனநல மருத்துவமனைல இருந்தா 3 வயசுக்குள்ள இருக்குற குழந்தைய சாதாரணமா பிரிக்கக்கூடாது, அம்மாவோட நோயால குழந்தைக்கு ஆபத்துன்னோ, குழந்தையோட நலனுக்கும் பாதுகாப்புக்கும் வேணும்னோ டாக்டர் நினைச்சாதான் தற்காலிகமா பிரிக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைல 2009ல இருந்தே தாயையும் சேயையும் ஒண்ணா சேர்க்குற தனி வார்டு இருக்கு. நம்ம ஊர்லயும் மாவட்டத்துக்கு ஒண்ணு வேணும்னு எனக்கு ரொம்ப ஆசை. டிஸ்சார்ஜ் ஆனதும் மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, அடுத்த குழந்தை பத்தி யோசிச்சா முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லணும், திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

சித்திரைவெயில்:
எல்லாருக்கும் நன்றி, தினம் வந்து படிச்சுட்டுதான் இருந்தேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, என் போஸ்ட்ட அப்படியே அவர் கைல குடுத்துட்டேன், அவர் படிச்சு முடிச்சு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் போன வருஷம் கலைஞ்சப்ப நானும் பைக்ல போறப்ப அழுதேன்னு சொன்னாரு. எனக்கு அது தெரியவே தெரியாது. மனநல டாக்டர பாத்தோம், அந்த 10 கேள்வியும் கேட்டாங்க, 13க்கு மேலதான் வந்துச்சு. தைராய்டும் கொஞ்சம் குறைவா இருக்குன்னு அதுக்கு மாத்திரை. வாராவாரம் கவுன்சிலிங். அது பத்தலன்னா செர்ட்ராலின்னு ஒரு மாத்திரை தரலாம்னு சொன்னாங்க. வயித்துல குழந்தை இருக்குறப்ப மனநல மாத்திரையான்னு எங்க அம்மா ஒரே அழுகை. பால் குடுக்கலாமா அத சாப்பிட்டுட்டு?

வார்டு_விளக்கு:
அம்மாவோட பயம் புரியுது. ஆனா எல்லா மனநல மாத்திரையும் ஒண்ணு இல்ல. வலிப்புக்கும் குடுக்குற வால்ப்ரோயேட் மாதிரி கர்ப்பத்துல தவிர்க்க வேண்டிய மாத்திரை இருக்கு. செர்ட்ராலின் அப்படி இல்ல, கர்ப்பத்துலயும் பால் குடுக்குறப்பயும் டாக்டர்கள் முதல்ல யோசிக்கிற மாத்திரைகள்ல ஒண்ணு, பால்ல போறது ரொம்ப கம்மி. ஒரு ரிஸ்க்கும் இல்லன்னு எந்த மாத்திரைக்கும் சொல்ல மாட்டேன், ஆனா கவனிக்காம விட்ட டிப்ரஷனுக்கும் ரிஸ்க் இருக்கு, சாப்பாடு இறங்காது, தூக்கம் இல்ல, செக்கப்புக்கு போக மனசு வராது, குறைமாச பிரசவத்தோடயும் அதுக்கு தொடர்பு பாத்திருக்காங்க. ரெண்டையும் தட்டுல வச்சு பாத்துதான் டாக்டர் முடிவு பண்ணுவாங்க. ஏற்கனவே மாத்திரை எடுக்குறவங்க யாராவது இத படிச்சா, கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே பயந்து நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க, முதல்ல கேளுங்க.

பாசம் பத்தி கேட்டீங்கல்ல. இங்கிலாந்துல 1980ல ஒரு ஆய்வு, குழந்தைய முதல் தடவை கைல வாங்கினப்ப என்ன தோணுச்சுன்னு தாய்கள்ட்ட கேட்டாங்க. முதல் பிரசவக்காரங்கள்ல 40 சதவீதம் பேர், ஏற்கனவே பெத்தவங்கள்ல 25 சதவீதம் பேர் ஒண்ணும் தோணலன்னுதான் சொன்னாங்க. பெரும்பாலானவங்களுக்கு ஒரு வாரத்துக்குள்ள பாசம் வந்துடுச்சு. கடினமான வலி, மயக்கம் தர்ற வலி ஊசி, இதெல்லாம் இருந்தா இன்னும் தள்ளிப் போகுது. தூளி சொன்ன மாதிரி அறுவை சிகிச்சை, இன்குபேட்டர்னு பிரிஞ்சு இருந்தவங்களுக்கு மாசக்கணக்குலயும் ஆகலாம்.

தூளி:
எனக்கு உதவினது நெஞ்சோட அணைச்சு வச்சுக்கிறதுதான், கங்காரு முறைன்னு சொல்லிக் குடுத்தாங்க. சட்டை பட்டன அவுத்து டயப்பரோட மட்டும் குழந்தைய நெஞ்சுல நிமித்தி வச்சு மேல துணி சுத்திடுவாங்க. கொலம்பியால பொகோட்டாங்கிற ஊர்ல 1978ல இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்சதாம் இது. நான் பாசத்தோட ஒண்ணும் செய்யல, நர்ஸ் சொன்னாங்கன்னு செஞ்சேன், அவ மூச்சு என் கழுத்துல படும், அவ தூங்கினா நானும் தூங்கிடுவேன், அதனால பக்கத்துல ஒரு ஆள் கண்டிப்பா வேணும். அப்பாவும் வச்சுக்கலாம், எங்க வீட்டுல சாயங்காலம் அவர்தான்.

இன்னொண்ணு, பால் வரல பத்தலன்னு வர்றவங்க எல்லாம் சொல்லுவாங்க. பவுடர் பால் குடுக்க வேண்டி வந்தா அதுக்காக பாசம் ஒட்டாம போகாது, என் பொண்ணு பாதி நாள் ஸ்பூன்லயும் பாலாடைலயும் குடிச்சவ.

பனங்காடு:
வயித்தில இருக்கேக்கயே அம்மான்ர குரல் பிள்ளைக்கு தெரியும், பிறந்து ஒண்டு ரெண்டு நாளிலயே மற்ற பெம்பிளையளின்ர குரலை விட தாயின்ர குரலை தேடுது எண்டு 1980லயே கண்டு பிடிச்சிட்டினம். உங்களுக்கு பிள்ளையில ஒண்டும் தோன்றாட்டியும் பிள்ளைக்கு உங்களை தெரியும் தங்கச்சி. தாலாட்டு தெரியாட்டி பரவாயில்ல, என்ன சமைச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ, அதுவும் குரல்தான்.

சித்திரைவெயில்:
அக்கா இத படிச்சுட்டு அழுதேன், ஆனா இது வேற அழுகை. பட்டுப்புடவைய பிரிச்சுட்டேன். வளைகாப்ப சின்னதா வீட்டோட வச்சுக்கலாம்னு கேட்டேன், மாமியார் ஒத்துக்கிட்டாங்க.

தேனி_பெரியம்மா:
எல்லாத்தையும் ஒரு எழுத்து விடாம படிச்சேன் கண்ணு. எங்க மருமக ஆடி கழிஞ்சு பிள்ளை பெறப் போறா, அவளுக்கு அம்மா இல்ல, நான்தான் பேறுகாலம் பாக்கணும். பத்தியம் வைக்க தெரியும், செலவு லேகியம் கிண்ட தெரியும், குளிப்பாட்ட தெரியும். இத எப்படி பாக்குறது? அவகிட்ட என்னன்னு கேக்கணும், அழுதா எத்தன நாள் பொறுக்கணும்? நர்ஸ் பிள்ளை எனக்கு தெளிவா சொல்லு.

வார்டு_விளக்கு:
பெரியம்மா, நீங்க கேட்டதே அவளுக்கு பெரிய பலம். மூணாம் நாள் நாலாம் நாள் பால் இறங்குறப்ப காரணமே இல்லாம அழுவா, பாதிக்கு மேல எல்லாருக்கும் வரும், ரெண்டு வாரத்துக்குள்ள தானா போயிடும், அதுக்கு மடியும் தூக்கமும் போதும். ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை நிக்கலன்னா, குழந்தை தூங்குறப்பயும் இவளுக்கு தூக்கம் வரலன்னா, சாப்பாடு இறங்கலன்னா, நான் இல்லாம இருந்தா பிள்ளை நல்லா இருக்கும்னு ஒரு வார்த்தை சொன்னாலும் டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க. கடைசியா சொன்னதுக்கு ரெண்டு வாரம் கூட காக்காதீங்க.

கேக்குறப்ப பிள்ளை பால் குடிச்சுதான்னு ஆரம்பிக்காதீங்க, அத வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க. நீ ராத்திரி தூங்கினியா, மனசு எப்படி இருக்குன்னு கேளுங்க. குலுக்கிடுவேனோ கை தவறி போட்டுடுவேனோன்னு கெட்ட நினைப்பு வருதுன்னு அவளே பயந்து சொன்னா அதிர்ச்சி ஆகாதீங்க, அந்த மாதிரி நினைப்பு நிறைய தாய்களுக்கு வந்து போகும், சொன்னதுக்கு திட்டினா அடுத்த தடவை சொல்ல மாட்டா, அடிக்கடி வந்தா அதையும் டாக்டர்ட்ட சொல்லணும். ராத்திரில ஒரு நாலஞ்சு மணி நேரம் அவ விடாம தூங்கணும், அந்த நேரத்துக்கு குழந்தைய நீங்களோ உங்க மகனோ வாங்கிக்கோங்க, எடுத்து வச்ச பால பாலாடைல குடுக்கலாம். அப்புறம் ஒன்றரை மாச ஊசிக்கு புதன்கிழமை போவீங்கல்ல, நீங்களும் கூட போங்க. குழந்தைக்கு எடை பாப்பாங்க, ஊசி போடுவாங்க, கார்டுல எழுதிட்டு அனுப்பிடுவாங்க. எந்திரிக்காதீங்க. இவளையும் கொஞ்சம் பாருங்கம்மா, தூக்கம் எப்படி இருக்கு மனசு எப்படி இருக்குன்னு கேளுங்கன்னு அந்த நர்ஸ்ட்ட சொல்லுங்க, சொல்லிட்டு நீங்க குழந்தைய தூக்கிட்டு வெளிய வந்துடுங்க, அவ தனியா பேசட்டும்.